கல்யாணத்துக்கு முன்னால் நண்பர்களோடு இரண்டு நாள்: செட்டிநாட்டு வீடு சரிப்படுமா?

வாசகர் கேள்வி:

கல்லூரி நாளிலிருந்தே நாங்கள் ஒன்பது பேர் ஒரு கூட்டம். எங்களில் ஒருவனுக்குத் தை மாதம் கல்யாணம். அதற்கு முன்னால், டிசம்பரில் ஒரு சனி, ஞாயிறு எல்லோரும் சேர்ந்து எங்காவது போய்வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் கோவா என்கிறார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவன், குடிக்கமாட்டான், கூட்டம், சத்தம் என்றால் ஒதுங்கிப் போகிறவன். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டை எடுத்து நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் "அங்கே போய் இரண்டு நாள் என்னடா பண்றது?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. குடிக்கிற நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குச் சமீபத்தில் வேலை போய்விட்டது, அவனுக்குச் செலவு பாரமாகக் கூடாது. பேச்சிலர் பார்ட்டி என்ற பேச்சை எடுத்தாலே மாப்பிள்ளையின் அப்பா பயப்படுகிறார். இதை எப்படி ஏற்பாடு செய்வது?

- ஒரு வாசகர், சென்னை

பதில் அளிப்பவர்: காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளில் விருந்தினர் தங்கும் ஏற்பாடுகளைக் கவனித்துவரும் மேலாளர்.

தம்பி, உங்களுக்குத் தோன்றியது சரிதான். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை. மாப்பிள்ளையைக் கேட்டீர்களா? கோவா என்பவர்கள் என்ன நினைக்கிறார்கள், அப்பா என்ன நினைக்கிறார், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதெல்லாம் இருக்கிறது. யாருக்காக இந்த ஏற்பாடோ அவர் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. எதிர்பாராமல் கூட்டிப் போய் அசத்தவேண்டும் என்பது உங்கள் எண்ணமாக இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். சத்தத்துக்கு ஒதுங்குகிற மனிதருக்கு எதிர்பாராத ஏற்பாடு என்பது ஒரு தண்டனை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குரூப்பில் எழுதாமல், தனியாகப் போன் போட்டு, "ரெண்டு நாள் எங்க இருந்தா உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் முடிவு. கோவா கேட்கிற இருவரிடமும் அதையே சொல்லிவிடலாம். உங்கள் யோசனைக்கும் அவர்கள் யோசனைக்கும் போட்டி என்று ஆகாது.

அவரும் செட்டிநாட்டுக்குச் சரி என்றால், மேலே படியுங்கள்.

முதலில் வீடு. இந்த வீடுகளைப் படத்தில் பார்த்துவிட்டு, "அரண்மனை மாதிரி இருக்கிறது, ஒன்பது பேருக்கு ஒன்பது அறை இருக்கும்" என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. வீட்டின் அமைப்பே வேறு. திண்ணை, முகப்பு, அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அப்புறம் சாப்பாட்டுக்கும் சமையலுக்கும் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் இவை. வளவைச் சுற்றியிருக்கும் சின்ன அறைகள் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று என்று ஒதுக்கப்பட்டவை. அவற்றில் பெரும்பாலும் சாமான்தான் இருக்கும், மனிதர்கள் காற்றோட்டமாக வெளியே பாய் விரித்துப் படுத்தார்கள். இன்றும் பல வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. சில அறைகள் பூட்டியே இருக்கும். சாமி அறைக்கும் முன்னோருக்குப் படைக்கிற இடத்துக்கும் வெளியார் போகக் கூடாது.

ஆகவே வீடு பேசும்போது அழகை விட்டுவிட்டு மூன்று விஷயம் கேளுங்கள். கழிப்பறை எத்தனை? ஒன்பது பேருக்குக் குறைந்தது மூன்று வேண்டும், இரண்டுதான் என்றால் சனிக்கிழமை காலை எல்லோருக்கும் முகம் சுளிக்கும். எந்தெந்தப் பகுதி உங்களுக்கு, எது இல்லை? சமையல் அங்கேயே நடக்குமா, அசைவம் உள்ளே சமைக்க விடுவார்களா? தங்கும் விடுதியாகவே மாற்றப்பட்ட வீடுகள் கானாடுகாத்தான், காரைக்குடி, தேவகோட்டை, கோத்தமங்கலம் பக்கமெல்லாம் இருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லைகள் குறைவு, வாடகை அதிகம். உங்கள் கூட்டத்துக்கு, வீடு முழுவதும் உங்களுக்கே கிடைக்கிற சின்ன இடமாகப் பார்க்கச் சொல்வேன். இன்னொரு குடும்பம் பக்கத்து அறையில் இருந்தால் நீங்களும் அடக்கி வாசிக்க வேண்டும், அவர்களுக்கும் கஷ்டம்.

இனி அந்தப் பெரிய கேள்வி. இரண்டு நாள் என்ன பண்றது?

சும்மா இருங்கள். மனதாரச் சொல்கிறேன். இங்கே நண்பர் கூட்டங்கள் வந்து சலித்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, அரண்மனை, கோட்டை, கடை என்று வேனில் ஏறி இறங்கி, இரவு வந்து விழுகிறார்கள். அத்தனை அழகான வளவு பகல் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் காலையில். பதினொரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். மிச்சப் பொழுது வீட்டுக்குள்தான். கேரம் பலகை, சீட்டுக்கட்டு கொண்டுவாருங்கள். தாயக்கட்டம் பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும். வளவுத் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். எட்டு பேர் தன்னைச் சுற்றி இருந்தும் யாரும் தன்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு மத்தியானம், மாப்பிள்ளையைப் போன்றவருக்கு இனிக் கொஞ்ச காலத்துக்குக் கிடைக்காது.

சனிக்கிழமைக்கு என் யோசனை எண்ணெய்க் குளியல். ஆண்களுக்கு எண்ணெய் தேய்க்கிற நாள் புதனும் சனியும், உங்களுக்கு நாள் அதுவாகவே அமைகிறது. வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்தால் நல்லெண்ணெய் காய்ச்சி, சீயக்காய் எடுத்துவைத்து, அண்டாவில் வெந்நீர் போட்டுவிடுவார்கள். பின்கட்டில் கிணற்றடியில் மாப்பிள்ளையை மணையில் உட்காரவைத்து முதல் கை எண்ணெயை நீங்கள் வையுங்கள். அப்புறம் வரிசையாக எல்லோரும். கேலியும் கிண்டலும் அங்கே தன்னால் நடக்கும், யாரும் மேடை போட வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெய்க் காலோடு வளவுக்குள் வராதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டாலே வழுக்கும், எண்ணெய் பட்டால் சொல்லவே வேண்டாம். கல்யாண மாப்பிள்ளை கைக்கட்டோடு ஊருக்குப் போகக் கூடாது. பின்வாசலில் ஒரு பழைய சாக்கைப் போட்டு, கால் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

அந்தத் தரைக்கல் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதைத்தான் சனிக்கிழமைக் காலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஆத்தங்குடி, காரைக்குடியிலிருந்து பக்கம். பட்டறையில் ஒரு கண்ணாடிச் சதுரத்தைச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் பூ வேலை செய்த உலோக அச்சை வைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சாயம் கலந்த சிமென்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சை நேராக மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அழுத்தி மட்டம் செய்வார்கள். காய்ந்த பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் கண்ணாடி கழன்று வரும், பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மெஷின் கிடையாது, சூளை கிடையாது. மாப்பிள்ளை கையால் ஒரு கல் போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் விடுவார்கள், வேலைக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கல்லை அன்றே கையோடு கொண்டுபோக முடியாது. ஊறிக் காய்ந்த பிறகு அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்துவிட்டு வரலாம்.

ஞாயிறு காலைக்குத் திருமயம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சாலையில் 20 கிலோமீட்டர் சுமார். 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அடிவாரத்தில் ஒரே பாறையில் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடுங்கள். பறவை பார்க்கிற ஆள் யாராவது உங்களில் இருந்தால், அதற்குப் பதில் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி சரணாலயம். டிசம்பரில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் கண்மாய்க்கு வந்திருக்கும். அந்தப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நண்பர் கூட்டத்தில் யாராவது ஒருவர் பையில் வாணவெடி கொண்டுவருவார். எந்த ஊரில் தங்கினாலும் அது வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்லலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வந்து இறங்கியபின் மெனு கேட்காதீர்கள். கவுனி அரிசி என்கிற கறுப்பரிசி முதல் நாள் இரவே ஊற வேண்டும். நாட்டுக்கோழி காலையில் வாங்கினால்தான் மத்தியானத்துக்கு ஆகும். இரண்டு நாளுக்கு முன்னால் சமைக்கிறவரிடம் நேராகப் பேசுங்கள். டிசம்பர் என்பதால் உங்களில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருக்கலாம், சனிக்கிழமை கவுச்சி தொடாதவர்களும் இருக்கலாம். அதனால் சனி மத்தியானம் இலைபோட்டுச் சைவச் சாப்பாடு, பச்சைமிளகாய் மண்டியோடு. கோழியும் கோலா உருண்டையும் ஞாயிற்றுக்கிழமைக்கு.

எதை விட்டாலும் வெள்ளைப் பணியாரத்தை விடாதீர்கள், சாயங்காலம் அடுப்படியில் நின்று பாருங்கள். உழக்கு நிறையப் பச்சரிசி, அதே உழக்கின் தலையில் கோபுரமாக உளுந்து, அவ்வளவுதான் அளவு. ஊறவைத்து நைசாக அரைத்த மாவை ஒரு கரண்டி எடுத்து, காய்ந்த எண்ணெயில் ஒரே இடத்தில் ஊற்றுவார்கள். அடியில் போன மாவு ஓரம் பூத்து மேலே எழும்பும். மேலே கொஞ்சம் எண்ணெயை அள்ளி விட்டு, ஒரே ஒரு தடவை திருப்பி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் சுட முடியும் என்பதால் ஒன்பது பேரும் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கத்தான் வேண்டும். சூட்டோடு காரச் சட்னி. இந்த வார இறுதியில் எல்லோரும் ஒன்றாகக் கூடிச் சிரிக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும்.

குடி விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் கண்டிப்பான ஆள்.

குடிக்கிறவர்களைத் திருத்த நீங்கள் இந்தப் பயணம் போகவில்லை, குடிக்காதவரை மாற்றவும் போகவில்லை. முதல் வேலை, வீட்டுக்காரர் அனுமதிக்கிறாரா என்று கேட்பது. பல வீடுகளில் கூடவே கூடாது. கூடாது என்றால் ஒளித்துவைத்துக் குடிக்கிற வேலை வேண்டாம், வேறு வீடு பாருங்கள். அனுமதி உண்டு என்றால் பின்கட்டிலோ மாடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையும் முகப்பும் தெருவைப் பார்த்தவை, அங்கே பாட்டில் தெரியக் கூடாது. சனி இரவு மட்டும், சாப்பாட்டோடு, ஒரு நேரம் வைத்து முடித்துவிடுங்கள். டாஸ்மாக் கடை மத்தியானம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. "தீர்ந்துபோச்சு, ஒரு நடை போயிட்டு வரேன்" என்று ஒன்பதரைக்கு ஒருவர் வண்டிச் சாவியை எடுப்பார், பயமே அங்கேதான். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. அது போகட்டும், இங்கே கிராமத்து ரோட்டில் விளக்கு கிடையாது, மாடு படுத்திருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாச் சாவியையும் வாங்கி வீட்டு மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். மாப்பிள்ளையின் கிளாசில் யார் என்ன ஊற்றினாலும், "ஒரு வாய்டா, தை மாசம் கல்யாணம்" என்று யார் கெஞ்சினாலும், தடுக்க வேண்டியது நீங்கள்தான். அவர் வாயால் மறுக்க வேண்டிய நிலையே வரக் கூடாது.

தண்ணீர்ப் பக்கமும் போகாதீர்கள். ஊருக்கு ஊர் கல்படி கட்டிய ஊருணி அழகாக இருக்கும். பல ஊர்களில் அது குடிதண்ணீருக்கென்று கட்டிக் காத்த இடம், கால் நனைத்தாலே ஊரில் கேட்பார்கள். கண்மாய் டிசம்பரில் நிறைந்து கிடக்கும். அடியில் சேறு, எங்கே பள்ளம் என்று உள்ளூர்க்காரருக்கே தெரியாது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நீச்சல் என்ற பேச்சே வேண்டாம்.

பாட்டு, சத்தம் பற்றி ஒன்று. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஸ்பீக்கர் கூடாது என்பது நாடு முழுக்கச் சட்டம். வளவு மேலே திறந்த இடம் என்பதால் உள்ளே மெல்லப் பேசினாலும் பக்கத்து வீட்டு மாடிவரை கேட்கும். பக்கத்தில் பெரும்பாலும் வயதான ஆச்சிமார்கள் தனியாக இருப்பார்கள், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். வந்த மறுநாள் காலையில் எதிர்ப்பட்டால், "ஆச்சி, ரெண்டு நாள் இங்கதான் இருப்போம், நண்பனுக்குக் கல்யாணம்" என்று சொல்லிவிடுங்கள். எந்த ஊர், பொண்ணு எந்த ஊர் என்று எல்லாம் விசாரிப்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் யாரோ இல்லை.

பணம். வேலை போன நண்பரை எல்லோர் முன்னாலும் "உனக்கு வேண்டாம்டா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடாதீர்கள். அது நல்ல மனதோடு கொடுக்கிற அடி. வீடு பேசுவதற்கு முன்னாலேயே அவரிடம் தனியாக எவ்வளவு முடியும் என்று கேட்டு, அந்தத் தொகைக்குள் வீட்டு வாடகையும் சாப்பாடும் அடங்குகிற மாதிரி இடம் பாருங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பங்கு, மாப்பிள்ளைக்குப் பங்கு கிடையாது. வேலை போன நண்பர் சொன்ன தொகைக்குள் அடங்காமல் போனால், யார் கூடுதலாகப் போட்டார்கள் என்பது உங்களோடும் இன்னொருவரோடும் நிற்கட்டும். சரக்குச் செலவு குடிக்கிறவர்களுடையது, பொதுக்கணக்கில் வரவே கூடாது. மழை பெய்து எங்கும் போகாவிட்டாலும் வேன் பணம் போகும், அதையும் சேர்த்து மொத்தத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் இருக்கும். முற்றத்தில் மழை விழ, தாழ்வாரத்தில் உட்கார்ந்து சீட்டாடுவதற்கு யாரும் பணம் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்பது வேறு.

போக்குவரத்துக்கு ரயில்தான். சென்னையிலிருந்து சாலை வழி 400 கிலோமீட்டருக்கு மேல், வேலை முடித்துவிட்டு இரவில் கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். வெள்ளி பிற்பகல் எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் இரவு காரைக்குடி. திரும்புவதற்கு, ராமேஸ்வரத்திலிருந்து சென்னை வருகிற இரவு ரயில்கள் இந்த வழியாகத்தான் வருகின்றன. ஞாயிறு இரவு ஏறினால் திங்கள் காலை வேலைக்குப் போய்விடலாம்.

கடைசியாக மாப்பிள்ளையின் அப்பா. அவருடைய பயம் நியாயமானது. கல்யாணத்துக்கு முன் ஒரு விபத்து, ஒரு சண்டை, வாட்ஸாப்பில் சுற்றுகிற ஒரு வீடியோ, இதில் எது நடந்தாலும் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். "பார்ட்டி எல்லாம் இல்லப்பா" என்று மழுப்பாமல், நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த வீடு, வீட்டு மேலாளரின் போன் நம்பர், எந்த ரயில், யார் யார் வருகிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். நண்பர்களில் சிலர் குடிப்பார்கள், உங்கள் பையன் குடிக்க மாட்டான், வண்டியை யாரும் தொட மாட்டோம் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள். சனி இரவு படமும் வீடியோவும் எடுப்பதில்லை என்று நண்பர்களிடம் முன்பே பேசி வாங்கிக்கொண்டு, அந்த வாக்கையும் அவரிடம் சொல்லுங்கள். சனி மத்தியானம் சாப்பிட்டதும் மாப்பிள்ளையை விட்டு வீட்டுக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். டிசம்பர் சனி, ஞாயிறுக்கு வீடும் சீக்கிரம் போய்விடும். ஆகவே மாப்பிள்ளைக்கு இன்றே போன் செய்யுங்கள். அவர் சரி என்று சொன்னால், நாளைக்கு அப்பாவைப் போய்ப் பாருங்கள், அதற்கப்புறம் டிக்கெட் போடலாம்.